ஆத்தாளுக்கு வேர்த்த கதை

யூடியூபில் மூன்று வீடியோ பார்த்தவன் எந்த எலக்ட்ரீஷியனையும் மதிக்க மாட்டான். நான் நான்கு பார்த்திருந்தேன்.

காமயகவுண்டன்பட்டியில் நாங்கள் கட்டிய வீட்டில், மார்கழி வந்தால் குளியலறைச் சுவரெல்லாம் நீர் கோத்துக்கொள்ளும். மேலே கருப்பாகப் பூஞ்சை பிடிக்கும். ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் வைத்து, ஆவியைக் குழாய் வழியே வெளியே தள்ளினால் தீர்ந்தது. வெளிச்சுவர் கைக்கெட்டும் தூரம்தான். ஆனால் அது கன்னிமூலை.

"மாப்ள, அங்கன மட்டும் ஓட்டை போட்றாதீக. வீட்டுக்கு ஆகாது" என்றார் மாமியார்.

(மாமியார் பேச்சைத் தட்டுவது எப்படி என்று எந்த வீடியோவிலும் சொல்லவில்லை.) ஆகவே வளைகிற குழாய் ஒன்றை வாங்கி, ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே வீட்டு நீளத்துக்கும் இழுத்து, கிழக்குச் சுவரில் வெளியே விட்டேன். பாதியில் குழாய் போதவில்லை. இன்னொன்றைச் செருகி டேப் சுற்றினேன். அந்த ஒட்டு பூஜையறைக்கு நேர் மேலே தொய்ந்து கிடந்தது. தொய்ந்தால் என்ன, யார் பார்க்கப் போகிறார்கள்?

"இதுவும் சொதப்புச்சுன்னா உங்க டிரில் மெஷினு எங்கண்ணன் வீட்டுக்குப் போயிரும்" என்றாள் என் மனைவி செல்வி. அந்த மெஷின் என் உயிர். இருந்தாலும் சிரித்தேன், அவ்வளவு நம்பிக்கை.

திறப்பு விழாவுக்கு மாமனாரையே குளிக்க வைத்தேன். திராட்சைக்கு மருந்தடித்துவிட்டு வந்த மனிதர், கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றிச் சாவகாசமாகக் குளித்தார். குளியலறைக் கண்ணாடியில் ஒரு சொட்டு இல்லை. மீசையை முறுக்கிக்கொண்டேன்.

அப்போதுதான் பூஜையறையில் மாமியாரின் அலறல் கேட்டது.

"ஏ செல்வி, ஓடியா! ஆத்தாளுக்கு வேர்த்திருக்கு!"

அம்மன் படக் கண்ணாடி முழுக்க முத்து முத்தாக நீர். மாமியார் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பக்கத்து வீட்டுப் பெண்கள் கூடிவிட்டார்கள். ஒருத்தி குலவையே போட்டாள். ஒரு சொட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றப்போன மாமியார், சட்டென்று நிறுத்தி விரலை மோந்து பார்த்தார்.

"என்னடி இது? ஆத்தா மேல உங்கப்பா போடுற சந்தன சோப்பு வாசம் வருது?"

இடுப்பில் துண்டோடு மாமனார் வந்து நின்றார். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். பிறகு மேலே. பிறகு என்னை. டேப் பிரிந்த ஒட்டிலிருந்து சீலிங் வழியே இன்னொரு சொட்டு விழுந்தது.

மறுநாள் மாமியாரே கன்னிமூலையைக் காட்டினார். "மூலை போனாப் போகுது, இங்கனயே போடுங்க. மாமா குளிச்ச தண்ணி ஆத்தாளுக்கு வேண்டாம்."

மச்சான் வந்து என் டிரில் மெஷினாலேயே ஓட்டை போட்டு, வெளிப்பக்கம் சற்றே சரிவாகக் குட்டைக் குழாய் ஒன்றை வைத்தார். பூஞ்சை போய்விட்டது. மெஷினும் அவரோடு போய்விட்டது.

ஃபேன் பிரமாதமாகத்தான் இழுத்தது என்பது இன்றும் என் கட்சி. ஆனால் அதைச் சொல்ல விடுவதில்லை. எங்கள் வீட்டில் யார் குளிக்கக் கிளம்பினாலும் மாமனார் குரல் கொடுக்கிறார்: "மாப்ள, ஆத்தாளுக்கும் ஒரு துண்டு எடுத்து வைங்க!"