ஏழு மணிக்குப் பதில் தரும் குரு

கதவு 'டமார்' என்று திறந்தது. பயிற்சி நிலையத்தை நடத்தும் மேடம், ஒரு நாற்காலியை இழுத்துக்கொண்டு வகுப்புக்குள் வந்தார்.

"நீங்க பாட்டுக்கு நடத்துங்க மாஸ்டர். சும்மா கேட்கத்தான் வந்தேன்."

சும்மாவாம்! ஸ்பானிஷ் மாஸ்டர் அவசரமாகப் புத்தகத்தைப் புரட்டினார். பொய் சொல்லி வாங்கிய வேலை. மாணவர்களைவிட அவருக்கு ஒரே ஒரு பாடம்தான் அதிகம் தெரியும். இன்று மாட்டினால் வேலை போச்சு.

அதற்குள் முன்வரிசை நர்ஸம்மா எழுந்துவிட்டார்.

"சார், 'கேதா'ன்னா மீதி இருக்குன்னு சொன்னீங்க. ரொட்டி மீதி இருந்தா 'கேதா'. சரி. பேங்க் தூரத்துல இருக்குன்னு சொல்லவும் அதே 'கேதா' வருதே?"

"அது... நடக்க வேண்டிய தூரம் மீதி இருக்கில்ல? அதான்மா."

பத்துப் பேர் அதைப் பயபக்தியோடு நோட்டில் எழுதினார்கள். ஒவ்வொரு பேனாவும் மாஸ்டரைக் குத்தியது.

"அப்போ, சட்டை உனக்குப் பொருத்தமா இருக்குங்கிறதுக்கும் 'கேதா'வாமே?"

"சட்டை... கிழியாம உடம்புல மீதி இருக்கும்மா."

பின்வரிசை சிரித்தது. மேடம் சிரிக்கவில்லை. அவரும் ஏதோ எழுதிக்கொண்டார்.

பேனா தேடுகிற சாக்கில் மாஸ்டர் மேஜைக்கு அடியில் குனிந்து கைப்பேசியைத் திறந்தார். ஒரு ஆப்பில் 'குரு' என்று ஒருவர் உண்டு. முகம் தெரியாது. இன்று சந்தேகம் கேட்டால், நாளை வகுப்பு முடிந்த கையோடு ஏழு மணிக்குப் பதில் வரும். மாஸ்டர் வகுப்பில் குத்துமதிப்பாக அடித்துவிட்டதெல்லாம் அந்தப் பதிலோடு அச்சு அசலாக ஒத்துப்போகும். அதில் மாஸ்டருக்குத் தன் மூளையைப் பற்றி ஒரு ரகசியப் பெருமைகூட உண்டு.

நேற்றுக் கேட்ட 'கேதா'வுக்குத்தான் இன்னும் பதிலில்லை.

'குருவே, கேதா என்னாச்சு? மானம் போகுது, உடனே சொல்லுங்க!' என்று தட்டிவிட்டார்.

முன்வரிசையில் 'டிங்' என்றது.

நர்ஸம்மா தன் கைப்பேசியைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"கோவிச்சுக்காதீங்க சார், இது எனக்காகக் கேட்கலை. ஆப்புல ஒருத்தர் என்னை நம்பிக் கேட்பாரு, நீங்க சொல்றதை அப்படியே அனுப்பிடுவேன். பாவம், அவரும் எங்கயோ ஸ்பானிஷ் மாஸ்டராம். ஒண்ணுமே தெரியாதுன்னு அவங்க மேடத்துக்குத் தெரிஞ்சா வேலை போயிடுமாம்!"