வாப்பாவைக் குதிரையாக்கிய நேர்முகப் பரீட்சை

இங்கிலீசு ஒன்றுமே தெரியாதவரால் யாருக்கும் ஆபத்து இல்லை. சிரித்துத் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். முழுதாகத் தெரிந்தவராலும் ஆபத்து இல்லை. முக்கால்வாசி தெரிந்தவர் இருக்கிறாரே, அவரைத்தான் கட்டிப்போட்டு வைக்க வேண்டும். நான் முக்கால்வாசி தெரிந்தவளாக இருந்த காலத்தில் என்னை யாரும் கட்டிப்போடவில்லை. அதனால் பெற்ற தகப்பனையே நேர்முகப் பரீட்சையில் குதிரையாக்கிவிட்டு வந்தேன்.

இன்று நான் சாய்ந்தமருதிலிருந்து தினமும் கல்முனைக்குப் போய் ஆங்கிலம் படிப்பிக்கிற டீச்சர். பிள்ளைகள் என்னைக் கண்டால் வராந்தாவில் ஓடுவதை நிறுத்துவார்கள். அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லாத கதை இது. (சொன்னால் மறுபடியும் ஓடத் தொடங்கிவிடுவார்கள்.)

அதற்கு முந்திய நேர்முகப் பரீட்சையில் என்னைத் திருப்பி அனுப்பியவர் சொன்ன காரணம், "உங்கட இங்கிலீசில பிழை இல்ல தங்கச்சி. ஆனா உயிர் இல்ல." உயிர் இல்லை என்றதும் நான் உயிரினங்களைத் தேடிப் போய்விட்டேன். என் காக்காவின், அதாவது அண்ணனின், போன் கடையில் அவருக்கு உதவியாக உட்கார்ந்திருந்த நேரங்களில், மிருகங்களின் சத்தத்தைக் குறிக்கும் ஆங்கில வினைச்சொற்கள் என்று ஒரு வீடியோவைப் பிடித்துக்கொண்டேன். நாய் பார்க் பண்ணும், குரைக்கும். பாம்பு ஹிஸ் பண்ணும், சீறும். சிங்கம் ரோர் பண்ணும், கர்ஜிக்கும். சேவல் குரோ பண்ணும், கூவும். குதிரை நேய் பண்ணும், கனைக்கும். எல்லாம் தண்ணீர் பட்ட பாடு.

வீடியோவின் கடைசியில், "இந்தச் சொற்களை மனிதர்களுக்கும் பயன்படுத்தினால் உங்கள் ஆங்கிலம் உயிர்பெறும். எப்படியென்றால்..." என்றார் அதில் பேசிய மனிதர். எப்படியென்றால் என்று அவர் சொல்ல வரும்போது டேட்டா முடிந்துவிட்டது. (போன் கடைக்காரரின் தங்கையிடம்தான் டேட்டா இருக்காது. அது உலக வழக்கம்.)

சரி, மிச்சத்தை நானே பார்த்துக்கொள்ளமாட்டேனா? தமிழில் மனிதர்கள் சீறுகிறார்கள். தேர்தல் வந்தால் மேடையில் கர்ஜிக்கிறார்கள். தமிழில் பொருந்துகிற இடத்திலெல்லாம் இங்கிலீசையும் பொருத்த வேண்டியதுதானே என்று முடிவெடுத்தேன். உம்மாவிடம் முதலில் பரிசோதித்தேன்.

"உம்மா, என்னத்துக்கு ஹிஸ் பண்றீங்க?"

"இஸ்ஸும் புஸ்ஸும் கதைக்காம மாவப் போய் அரி புள்ள."

கல்முனையில் ஆங்கில மொழிமூலம் நடக்கும் ஒரு தனியார் பள்ளிக்கூடம். ஓர் இடம்தான் காலி. அதுவும் போனால் காக்காவின் கடையில் ரீலோட் போட்டே காலம் போய்விடும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். நேர்முகப் பரீட்சை அறையில் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் அதிபர், எங்கள் பகுதி ஆள். மற்றவர் கொழும்பிலிருந்து ஆசிரியர் தெரிவுக்கென்று வந்திருந்த மெடம். (பேச்செல்லாம் ஆங்கிலத்தில்தான் நடந்தது. உங்களுக்காகத் தமிழில் தருகிறேன். வினைச்சொற்களை மட்டும் அப்படியே விட்டிருக்கிறேன், குற்றவாளிகளை அடையாளம் காட்ட வேண்டாமா?)

"உங்கள் தந்தையைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றார் மெடம்.

பழம் நழுவிப் பாலில் விழுந்தது. என் வாப்பா சந்தையில் மீன் கூவி விற்பவர்.

"என் தந்தை தினமும் காலையில் மீன்சந்தையில் குரோ பண்ணுவார், மெடம்."

"எதைப் பற்றி?"

"மீனைப் பற்றித்தான். அவர் குரோ பண்ணினால் பஸ் தரிப்பு வரைக்கும் கேட்கும்."

மெடம் அதிபரைப் பார்த்தார். அதிபர் மேசையைப் பார்த்தார். என் ஆங்கிலத்தின் உயிர் அவர்களைத் தாக்குகிறது என்று நான் எடுத்துக்கொண்டேன்.

"மத்தியானம் வீட்டுக்கு வந்ததும் கேற்றடியில் நின்று நேய் பண்ணுவார்."

மெடத்தின் பேனா நின்றது. "என்ன பண்ணுவார்?"

"நேய், மெடம். பக்கத்து வீட்டுப் பெண்கள் என் தாயோடு கதைத்துக்கொண்டு இருப்பார்கள். என் தந்தை நேய் பண்ணினால் உடனே முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொள்வார்கள். அதற்குப் பிறகுதான் உள்ளே வருவார். அது மரியாதை. எங்கள் ஊரில் நல்ல குடும்பத்து ஆண்கள் எல்லாரும் நேய் பண்ணிவிட்டுத்தான் வீட்டுக்குள் வருவார்கள்."

மெடம் மெல்ல அதிபரின் பக்கம் திரும்பினார். "நீங்களுமா?"

அதிபர் வாய் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "கட்டாயம் பண்ணுவார், மெடம். அதிபர் சேரைப் பார்த்தாலே நல்ல குடும்பம் என்று தெரிகிறதே."

பாவம், அதிபருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. சட்டைக் கொலரைச் சரிசெய்துகொண்டு, "க்கும்" என்று கனைத்தார்.

"இதோ!" என்று கையை நீட்டினேன். "சேர் நேய் பண்ணிவிட்டார்!"

மெடம் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். பிறகு தலையையும் மேசையில் வைத்தார். தோள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது. அழுகிறாரோ என்று பயந்து என் தண்ணீர்ப் போத்தலை நீட்டினேன். நிமிர்ந்தபோது உண்மையிலேயே கண்ணில் தண்ணீர். மூச்சு வந்ததும் பொறுமையாக விளக்கினார். நேய் என்பது குதிரைக்கு மட்டும் உரியது. மனிதர் தொண்டையைச் செருமுவதற்கு வேறு சொல் இருக்கிறது. குரோ மனிதருக்கும் வரும், ஆனால் மனிதருக்கு வந்தால் பெருமையடித்துக்கொள்வது என்று அர்த்தம். ஆகவே என் தந்தை தினமும் மீன்சந்தையில் நின்று தற்பெருமை பேசுகிறார் என்றும், மத்தியானம் குதிரையாகி வீட்டுக்கு வருகிறார் என்றும் நான் சொல்லியிருக்கிறேன்.

காது இரண்டும் சுட்டது. என்னைப் பார்த்துச் சிரித்தால் பரவாயில்லை. வாப்பாவை ஒரு பெருமைக்காரராக்கிவிட்டேனே என்பதுதான் தாங்கவில்லை.

"என் தந்தை பெருமை பேசுகிறவர் இல்லை, மெடம். ஒருநாளும் இல்லை" என்றேன்.

அப்போதுதான் அதிபர் தமிழில் வாய் திறந்தார். "ஆர் சொன்ன? மெடம் சொல்ற அர்த்தத்திலயும் நீங்க சொன்னது சரிதான் தங்கச்சி. சாய்ந்தமருதுச் சந்தையில பாரை விக்கிறவர்தானே உங்கட வாப்பா? கொஞ்ச நாளா அந்தாள் மீனக் கூவல்ல. 'என்ட மகள் இங்கிலீசு டீச்சராகப் போறா'ண்டுதான் கூவுறாரு. நான் ஆரெண்டு அவருக்குத் தெரியா. உங்கட கதைய முழுக்கக் கேட்டு முடிச்சாத்தான் மீன வெட்டித் தாறாரு."

எனக்கு இது புதுச் செய்தி. வீட்டில் வாப்பா என்னைப் பாராட்டி ஒரு வார்த்தை சொன்னவரில்லை. படித்துக்கொண்டிருந்தால் மின்விசிறியை என் பக்கம் திருப்பிவிட்டுப் போவார், அவ்வளவுதான். அந்த மனிதர் சந்தை முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார். நான் வெறுங்கையோடு போனால் நாளைக்கு எந்த முகத்தோடு அங்கே நின்று பாரை விற்பார்? பயமும் பெருமையும் ஒன்றாக வந்தன. எங்கிருந்தோ ஒரு துணிச்சலும் வந்தது.

"மெடம், ஒரு பிள்ளை இந்தப் பிழையை விட்டால் நான் எப்படித் திருத்துவேன் என்று காட்டலாமா?"

அவர் தலையசைத்தார். எழுந்து போய்ப் பலகையில் ஒரு குதிரையையும், கேற்றடியில் நிற்கும் ஒரு மனிதரையும் வரைந்தேன். (குதிரை ஆடு மாதிரித்தான் வந்தது.) "தமிழில் இந்த இரண்டு பேருக்கும் கனைத்தல் என்று ஒரே சொல். சேவலுக்கும் மீன் விற்பவருக்கும் கூவுதல் என்று ஒரே சொல். அதனால்தான் தமிழ்ப் பிள்ளை தடுக்கி விழும். சீறுதலும் கர்ஜித்தலும் இரண்டு மொழியிலும் மனிதருக்குப் பொருந்துவதால் எல்லாமே பொருந்தும் என்று நம்பிவிடும். அந்தப் பிள்ளை யோசிக்காமல் இந்தப் பிழையை விடவில்லை, மெடம். யோசித்ததால்தான் விட்டது. முதலில் அதைச் சொல்லிவிட்டுத்தான் திருத்துவேன்." இதையெல்லாம் ஆங்கிலத்தில் சொல்லி முடித்தபோதுதான் எனக்கே தெரிந்தது, இடையில் எங்கும் நான் திக்கவில்லை.

மெடம் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "எந்த வகுப்பு எடுக்க விருப்பம்?" என்று கேட்டார்.

வீட்டுக்கு வந்தபோது வாப்பா தெருவிலேயே நின்றிருந்தார். சந்தையிலிருந்து நேரத்தோடு வந்துவிட்டார் போலிருக்கிறது. உடுப்பில் மீன் செதில் ஒட்டிக்கிடந்தது.

"என்ன புள்ள, கிடைச்சா?"

"ஓம் வாப்பா, கிடைச்சிட்டு. ஆனா உங்களக் குதிரை எண்டு சொல்லிப்போட்டன்."

நடந்ததையெல்லாம் சொன்னேன். முகத்தைச் சுருக்கி யோசித்தார்.

"கழுதை எண்டு சொல்லல்லத்தானே?"

"இல்ல வாப்பா."

"அப்ப என்ன? குதிரைக்கு ஒரு கம்பீரம் இரிக்கி."

அடுத்த நாள் காலையில் சந்தையில் பாரையோடு சேர்த்து இந்தக் கதையையும் கூவி விற்றிருக்கிறார். மீனை விடக் கதை வேகமாக விற்றுத் தீர்ந்தது. எங்கள் ஊரில் குடும்பத்துக்கு ஒரு பட்டப்பெயர் ஒட்டினால் கழுவினாலும் போகாது. நாங்கள் குதிரை வீட்டார் ஆனோம். பார்சல் கொண்டுவருகிற பொடியன்மார் சந்தியில் குதிரை வீடு எது என்று கேட்டுத்தான் வருகிறார்கள். எங்கள் வழக்கப்படி கல்யாணத்துக்குப் பிறகு என் கணவர் எங்கள் வீட்டோடு வந்தபோது, "மாப்பிள்ளைக்குக் குதிரை தேடத் தேவையில்ல, மாமா இரிக்காரு" என்று கூட்டாளிமார் பகிடி பண்ணினார்கள். எல்லாரையும் விட உரக்கச் சிரித்தவர் வாப்பாதான்.

அண்மையில் சந்தைக்குப் போயிருந்தபோது, முகம் தெரியாத ஒருவர் "குதிரைக் காக்கா, பாரை இரிக்கா?" என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. அந்த ஆள் போனதும் வாப்பாவிடம் மன்னிப்புக் கேட்டேன். என்னால்தானே இந்தப் பெயர், இனி இப்படிக் கூப்பிட வேண்டாமென்று சந்தையில் எல்லாரிடமும் சொல்லிவிடுகிறேன் என்றேன். மீனை வெட்டிக்கொண்டிருந்தவர் கத்தியைக் கீழே வைத்தார்.

"ஊருலகத்தில உம்மா வாப்பாமார்தான் கஷ்டப்பட்டுப் புள்ளைகளுக்குப் பட்டம் வாங்கிக் குடுக்கிற. எனக்கு என்ட மகள் பட்டம் வாங்கித் தந்திரிக்கா. அத நான் ஏன் புள்ள திருப்பிக் குடுக்க?"