வெறும் தோகாஷி

பென்சிலைப் பிடித்தபடி ஓட்டுச்சாவடி மறைப்புக்குள் நொபோரு நின்று நான்கு நிமிடம் ஆகிவிட்டது. எதிரே ஒட்டியிருந்த தாளில் இரண்டே பெயர்கள். தோகாஷி மிட்சுவோ. தோகாஷி எய்கிச்சி.

மிட்சுவோ, நொபோரு வண்டி ஓட்டும் முள்ளங்கி ஊறுகாய்ப் பட்டறையின் முதலாளி. எய்கிச்சி, அவன் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர். பங்காளிகள்தான், ஆனால் ஒரு வடிகால் தகராறில் பதினொரு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. நகரமன்றத்தில் ஒருவர் இறந்து காலியான இடத்துக்கு இருவரும் இடைத்தேர்தலில் மோதுகிறார்கள். இருவரிடமும் "என் ஓட்டு உங்களுக்குத்தான்" என்று நொபோரு குனிந்து வணங்கிச் சொல்லியிருந்தான்.

"யாராச்சும் உள்ள மயங்கிக் கிடக்கீங்களா?" என்றார் வெளியிலிருந்து அலுவலர். "ஒரு பேரை முழுசா எழுதி பெட்டியில போட்டா முடிஞ்சுதுங்க!"

முழுசாக எழுதினால்தானே வம்பு? குடும்பப் பெயரை மட்டும் எழுதினால் விதிப்படி அந்த ஓட்டை இருவருக்கும் பங்கு போட்டுவிடுவார்கள். நொபோரு 'தோகாஷி' என்று மட்டும் எழுதிப் போட்டான். விலாங்கு மீன்கூட அத்தனை நிம்மதியாகத் தலையையும் வாலையும் காட்டியிருக்காது.

மறுநாள் முடிவு வந்தது. ஆளுக்கு 411. வெறும் 'தோகாஷி' என்று வந்தவை இரண்டு. அவற்றைப் பிரித்துக் கொடுத்ததில் ஆளுக்கு 412. சமம். அடுத்த வாரம் புதன்கிழமை சீட்டுக் குலுக்கல்.

 நொபோருவை ஒரு கேள்வி குடைந்தது. ஒன்று நான். இன்னொன்று யார்?

"நீயா?" என்று மனைவி சதோமியிடம் கேட்டான்.

"எனக்கென்ன பைத்தியமா? வீட்டுக்காரர் பேரை முழுசா எழுதிட்டேன். சம்பளம் போனா வேற வேலை தேடலாம். இந்த வாடகைக்கு வேற வீடு கிடைக்குமா?"

பட்டறையில் முதலாளி குதித்துக்கொண்டிருந்தார். "ஒருத்தன், ஒரே ஒருத்தன் என் பேரை முழுசா எழுதியிருந்தா நான் ஜெயிச்சிருப்பேன்! நொபோரு, நீ யாருக்குப் போட்ட?"

"உங்களுக்குத்தான் முதலாளி. முழுப் பேரு."

"அப்ப நீ நம்பிக்கையான ஆளு. அந்த ரெண்டு துரோகி யாருன்னு நீயே கண்டுபிடி."

மாலையில் வீட்டுக்கு வந்தால் வாசலில் எய்கிச்சி. "நீ எனக்குத்தானே போட்ட? வீடு வீடா ஊறுகாய் கொண்டுபோறவன். அந்த அரைகுறைங்க யாருன்னு விசாரிச்சுச் சொல்லு."

இப்படியாகத் திருடனையே இரண்டு பக்கமும் துப்பறியப் போட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், நொபோரு உண்மையிலேயே துப்பறிந்தான். தன்னைப்போல் நடுவில் மாட்டிக்கொண்ட அந்த இன்னொரு ஜீவனைப் பார்க்க வேண்டும், பார்த்தால் ஒரு கோப்பை சாக்கே மது வாங்கித்தர வேண்டும் என்று மனம் ஏங்கியது. ஊறுகாயோடு பேச்சும் கொடுத்துப் பார்த்தான். முடிதிருத்துபவர், மீன்கடைக்காரி, கோயில் குருக்கள், எல்லோரும் முழுப் பெயர் எழுதியவர்களே.

எய்கிச்சியின் நச்சரிப்பு தாங்காமல், "பட்டறை ஆளுங்களா இருக்கும்னு பேச்சுங்க ஐயா" என்று ஒரு பொய்யை அவிழ்த்துவிட்டான்.

செவ்வாய்க்கிழமை காலை எய்கிச்சி நேராகப் பட்டறைக்குள் வந்து நின்றார். பதினொரு வருடப் பேச்சு ஒரே நிமிடத்தில் திரும்பியது.

"உன் ஆளுங்களே உன்னை நம்பலையாமே! உன் வண்டிக்காரனே எனக்குத்தான் போட்டான்!"

"யாரு, நொபோருவா? அவன் எனக்குல்ல போட்டான்!"

இரண்டு தலைகளும் ஒன்றாகத் திரும்பின. நொபோரு முள்ளங்கிப் பீப்பாய்க்குப் பின்னாலிருந்து வெளியே வந்து, நெற்றி தரையில் படும்படி விழுந்தான்.

"மன்னிச்சிருங்க. வெறும் தோகாஷின்னு எழுதினதுல ஒண்ணு நான்தான்."

"நாளையிலேருந்து வேலைக்கு வராதே!" என்றார் மிட்சுவோ.

"மாசக் கடைசிக்குள்ள வீட்டைக் காலி பண்ணு!" என்றார் எய்கிச்சி.

வேலையும் போயிற்று, வீடும் போயிற்று. நொபோருவுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆனாலும் அந்தப் பாழாய்ப்போன கேள்வி விடவில்லை. "போறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு தெரிஞ்சா போதும் முதலாளி. அந்த இன்னொரு ஆளு யாரு?"

"அவன் மட்டும் கையில கிடைக்கட்டும், பீப்பாயை அழுத்துற இந்த ஊறுகாய்க் கல்லைக் கழுத்துல கட்டி ஆத்துல எறியறேன்!"

அதுவரை மூலையில் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்த முதலாளியின் மனைவி கியோகோ, கையிலிருந்த நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"என்னங்க, ஓட்டுப் போட்டுட்டு வந்து, 'சரக்குச் சீட்டுல கையெழுத்துப் போடுற மாதிரி ஒரே இழுப்புல எழுதிட்டேன்'னு பெருமையடிச்சீங்களே, முப்பது வருஷமா சரக்குச் சீட்டுல நீங்க குடும்பப் பேரை மட்டும்தானே எழுதுறீங்க?"