சிலைக்கு வைத்த சந்தனம்

இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. கல்பாலத்தில் நின்று, வைகையில் ஓடும் தண்ணீரைச் சாட்சி வைத்துச் சத்தியம் செய்த பிறகே எழுத உட்கார்ந்தேன்.

பழங்காநத்தத்தில் ஆப்பிரிக்க வம்சாவளிக் கலைஞர்களுக்கென்றே ஒரு மியூசியம் உண்டு. ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை அதன் இயக்குநர் மாதங்கி நடுக்கூடத்தில் திகைத்து நின்றார். பிரேசில் சிற்பி ஜூரேமா செதுக்கி அனுப்பிய மரச்சிலை, ஒரு தாயின் உருவம். அதன் நெற்றியில் சந்தனம். சந்தனத்தின் மேல் குங்குமம்.

"வீரணன், இது யாரு வேலை?"

காவலாளி வீரணன் பெருமையாகவே ஒப்புக்கொண்டான். வாசல் கேட், கம்ப்யூட்டர், தீயணைப்பு சிலிண்டர் எல்லாவற்றுக்கும் வைத்தானாம். சோறு போடுவதே சிலைதான், அதை மட்டும் விட மனசு கேட்குமா?

"சாயங்காலம் சிலை செஞ்ச அந்தம்மாவே நேர்ல வர்றாங்க. அதுக்குள்ள இது போகணும். இல்லேன்னா நீங்க போகணும்."

வீரணன் ஈரத்துணியால் துடைத்தான். பொட்டு போய், முகம் முழுக்க மஞ்சளானது. மஞ்சளை மறைக்க நல்லெண்ணெய் தடவினான். முகம் பளபளத்தது, உடம்பு பட்டினி கிடந்ததுபோல் தெரிந்தது. உடம்புக்கும் தடவினான். எண்ணெய் வழிந்து பீடத்தில் குளம் கட்டியது. அதை மறைக்க ஒரு சேலையைச் சுற்றினான். கூட்டிப் பெருக்கும் சோணையம்மாள், அவனுடைய கொழுந்தியாள், சேலை கட்டியவள் வெறுங்கழுத்தாக நிற்கக்கூடாது என்றாள். மாலை வந்தது. எண்ணெய் வாடை போக ஊதுபத்தி கொளுத்தினான். புகைக்கு அலாரம் அலறியது. சத்தம் கேட்டு வந்த தெருப் பெண்கள் செருப்பைக் கழற்றிவிட்டு வரிசையில் நின்றார்கள்.

வரிசையின் கடைசியில் ஜூரேமா நின்றார், யாரோ கொடுத்த எலுமிச்சம்பழத்தோடு.

சிலையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு அவர் ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னதை, மாதங்கி வேர்த்தபடி தமிழாக்கினார்.

"இது அவங்க சிலை இல்லையாம். இம்புட்டு அழகா அவங்களுக்குச் செய்ய வராதாம். பலகையில உங்க பேரைத்தான் போடணுமாம்."

வீரணன் வெட்கப்பட்டான். மாதங்கிக்கு அழுகையே வந்துவிடும்போல் இருந்தது.

"ஆப்பிரிக்க வம்சாவளி இல்லாத ஆளோட படைப்பை இங்க வைக்க முடியாது. சிலையையும் எறக்கணும், உங்களையும் அனுப்பணும்."

சோணையம்மாள் விளக்குமாற்றைச் சுவரில் சாத்தினாள்.

"வம்சந்தானம்மா வேணும்? போன வருசம் நாகமலை புதுக்கோட்டையில இருந்து யுனிவர்சிட்டிக்காரங்க எங்க ஊருக்கு வந்து ரத்தம் எடுத்தாங்க. எங்க மச்சான் வம்சந்தான் ஆப்பிரிக்காவுல இருந்து மொத மொத இங்க நடந்து வந்ததாம். அன்னையில இருந்து மனுசன் வீட்டுல ஒரு வேலை செய்யிறதில்ல. கேட்டா, அம்புட்டுத் தூரம் நடந்து வந்தது பத்தாதாங்குறாரு."

பலகையில் வீரணன் பெயர் ஏறியது.

நான் சத்தியம் செய்த அன்று வைகையில் தண்ணீர் இல்லை.