மூன்று பெட்டிகளும் பாத்திமாவின் ஓலையும்

அன்பு மகன் ராபினுக்கு,

பெரியப்பா அந்தோணிமுத்து ஆசீர்வதித்து எழுதுவது. இங்கு நானும் உன் பெரியம்மா அருளம்மாளும் இரண்டு ஆடுகளும் ஆண்டவர் கிருபையால் சுகம். நீ பெங்களூரில் சுகமாய் இருப்பாய். போனை எடுக்காதவர்கள் எல்லோரும் சுகமாகத்தான் இருக்கிறார்கள். அதனால்தான் இதை எழுதிப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடுகிறேன்.

நம் பங்கின் ஞானஸ்நானப் பதிவுகளை எல்லாம் ஸ்கேன் பண்ணி, கோயில் ஆபீசில் ஒன்று, பள்ளிக்கூடத்தில் ஒன்று, கன்னியர் மடத்தில் ஒன்று என மூன்று சேமிப்புப் பெட்டிகளில் பிரித்து வைத்து, "ஒண்ணு படுத்தாலும் மத்த ரெண்டும் தாங்கும் பெரியப்பா" என்று சொல்லிவிட்டுப் போனாயே, மகராசா, ஒன்றும் படுக்கவில்லை, மூன்றும் பச்சை விளக்கோடு நிற்கின்றன, ஆனால் வியாழக்கிழமையிலிருந்து ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஃபோல்டர் திறக்கமாட்டேன் என்கிறது, 'மவுண்ட் ஆகவில்லை' என்று ஒரே பாட்டு. வயரைப் பிடுங்கிச் செருகினேன். மடத்துக்கு ஓடினேன், மதர் "எங்க பெட்டி நல்லாத்தான் இருக்கு, ஒங்க பெட்டியப் பாருங்க"ன்னுட்டாங்க. பங்குச் சாமி வந்து ஜெபம் சொன்னார். தீர்த்தம் தெளிக்கப் போனவரை நான்தான் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

சத்தியமாக நான் ஒன்றையும் தொடவில்லை. பழைய பதிவேடோ பைண்டிங்குக்குப் போயிருக்கிறது. ஒன் தங்கச்சி பாத்திமாவோட ஞானஸ்நான சர்டிபிகேட்டு இன்னிக்குள்ள மாப்பிள்ளை ஊருக்குப் போகாட்டி, நாளைக்குப் பூசையில முதல் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்க மாட்டாங்க. மூணு ஞாயிறு வாசிக்கணும், மாப்பிள்ளைக்குத் துபாய் லீவு இன்னும் இருபத்தஞ்சு நாளுதான். புள்ள ரெண்டு நாளாச் சாப்பிடல. நான் எழுத்தரா இருக்கிற கோயில்லயே நான் பெத்த மகளுக்குச் சர்டிபிகேட்டு கெடைக்கலன்னா, எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு ஊருக்குள்ள நடப்பேன்? எல்லாம் ஒன் பெட்டியால வந்த வினை. இங்கிட்டு வந்து தூக்கிட்டுப் போயிரு.

பெரியம்மா உன்னை நேரத்துக்குச் சாப்பிடச் சொன்னாள். கோபம் என் கோபம். ஆசீர் எங்கள் இருவரின் ஆசீர்.

இப்படிக்கு,
மனம் நொந்த பெரியப்பா

பி.கு.: போட்டோ எடுக்குமுன் பள்ளிக்கூட சிவபிரகாஷ் சார் வந்தார். ஆபீஸ் பெட்டியைப் பார்த்துவிட்டு, "ஏங்க, இதுல மட்டும் மணி பத்து நிமிஷம் முன்னால ஓடுதே, மூணும் ஒரே மணி காட்டலன்னா ஒண்ணையொண்ணு நம்பாதுங்க" என்றார். ஜனங்கள் பூசைக்கு நேரத்துக்கு வரட்டுமென்று கோயில் கடிகாரத்தை நான் பத்து நிமிடம் கூட்டி வைத்திருப்பது உனக்குத் தெரியும். அதற்குப் பொருத்தமாய் இருக்கட்டுமே என்று வியாழக்கிழமை பெட்டியிலும் கம்ப்யூட்டரிலும் கூட்டி வைத்தேன். அது திரும்பத் திரும்பப் பழைய மணிக்கே போனதால், தானாகத் திருத்திக்கொள்ளும் டிக்கையும் எடுத்துவிட்டேன். இதைத் தொட்டதாகச் சேர்க்கக் கூடாது. மணியைத் திருப்பினோம், திறந்துவிட்டது. சர்டிபிகேட் மெயிலில் போயாயிற்று, பாத்திமா இரண்டாம் சோறு கேட்கிறாள். மேலே எழுதியதைப் படிக்காதே. கல்யாணத்துக்குப் பத்து நிமிடம் முன்னதாகவே வா. சுவர்க் கடிகாரத்தை நான் மாற்றப்போவதில்லை.