ஷரஃபுதீனின் கைவேகம்

உச்சிவேளைக் கோயில் மணி அடித்தால் ரேஷன் கடை அடைபடும். அடைபட்டால் அந்த வாரத்துப் பங்கு அழியும். விஷக்காய்ச்சலிலிருந்து தேறிய மனைவிக்கு அன்றுதான் கஞ்சி கொடுக்கலாமென்று மருத்துவர் இசைந்திருந்தார். சாந்தோம் பள்ளித் தமிழாசிரியர் அகஸ்டின் விடியலிலிருந்து நின்றும், வரிசை நகர்ந்தபாடில்லை.

அவர் நின்ற இடப்பக்க வரிசையின் தராசில் லூர்துசாமி. ஒரு பிடி அரிசி இடுவார், முள்ளை நோக்குவார், அரைப் பிடி எடுப்பார், மீண்டும் முள்ளை நோக்குவார்.

"எடை போடறியா, சுரூபம் செதுக்கிக்கினு கீறியா நைனா?" என்றாள், பின்னால் நின்ற மீன்காரி அந்தோணியம்மாள்.

வலப்பக்கத் தராசிலோ ஷரஃபுதீன். கூட்டத்தின் தலைகளுக்கு மேலே அவர் கை மட்டும் தெரிந்தது. கை அசைந்தது, ஒருவர் பக்கவாசல் வழியே சந்தில் மறைந்தார். மறுபடி அசைந்தது, இன்னொருவர். அகஸ்டினின் நெஞ்சம் துள்ளியது.

"அம்மா, என் இடத்தைக் கொஞ்சம் பாத்துக்கோங்க."

"நீ போனா எடமும் போச்சு வாத்தியாரே."

போனார்.

பாதி வரிசை கரைந்தபோது ஷரஃபுதீன் தேநீர் குடிக்க எழுந்தார். அகஸ்டின் பழைய இடத்துக்கு ஓடினார்.

"இன்னா, ஒனக்கு மட்டும் ரெண்டு வரிசையா?" என்று பல குரல்கள் அவரைக் கடைக்கோடிக்குத் தள்ளின. வியர்வை துடைப்பதற்குள் ஷரஃபுதீன் திரும்பினார். கை முன்னிலும் விரைந்தது. அகஸ்டின் மறுபடி ஓடினார். இப்போது அங்கும் கடைக்கோடியே வாய்த்தது.

அவ்வேளையில் பக்கவாசல் சந்து வழியே சுற்றி வந்த ஒரு பெண், மடித்த பையோடு லூர்துசாமியின் வரிசையில் போய் நின்றாள். பேதைமையைக் கண்டு பொறாத ஆசிரியர் கூவினார்:

"அம்மா, இங்க வாங்க! இது சீக்கிரம்!"

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீங்களே நில்லுங்க சார். புண்ணியமாப் போவும்."

அந்தோணியம்மாள் அரிசியை இடுப்பில் ஏற்றிக்கொண்டு போனாள். அகஸ்டின் அதைப் பொருட்படுத்தவில்லை. இதோ, தம் முறை. பையை விரித்து நீட்டினார்.

ஷரஃபுதீனின் கை அசைந்தது.

"அரிசி இல்ல சார். காலையிலயே தீந்துபோச்சு. மணி அடிக்கிறவரிக்கும் தராச மூடக் கூடாதுன்னு மேல உத்தரவு, குந்திக்கினு கீறேன்."

கோயில் மணி முழங்கியது. அப்பால் லூர்துசாமி தராசைக் கவிழ்த்து வைத்தார்.

"அப்ப... இந்த வரிசை மட்டும் எப்படி இவ்வளவு வேகமா..." ஆசிரியர் நீட்டிய பையை இன்னும் மடக்கவில்லை.

ஷரஃபுதீன் சோம்பல் முறித்தார்.

"இல்லேன்னு சொல்றதுக்கு இன்னா நேரம் ஆவும் சார்?"