மோட்டாரும் இரண்டு சிப் கம்பெனிகளும்

கணினிச் சிப்பைக் கையால் தொடாமலே உலகத்துச் சிப் கம்பெனிகளின் சண்டையெல்லாம் தெரிந்த ஒரே மனிதர், எங்கள் உத்திரமேரூர் ‘மோட்டார்’தான். எரிந்துபோன பம்புசெட் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் ‘காயில்’ கட்டுபவர். சொந்தப் பெயர் ரேஷன் கடைக்காரருக்கே மறந்துவிட்டது.

சிப் கம்பெனிகளில் முதலிடத்தில் இருந்ததற்கு அவர் வைத்த பெயர் ‘பெரியவன்’. போட்டிக்கு வந்தது ‘சின்னவன்’. கையில் செம்புக் கம்பி, கண் செல்போனில். ஒருநாள் திருமுக்கூடலிலிருந்து ஒரு விவசாயி பயிர் காய்கிறதென்று ஓடிவந்தார்.

“மோட்டார் ரெடியா?”

“இரு நைனா. சின்னவன் புது சிப்பு வுட்டுக்கினு கீறான். பெரியவன் கதை கந்தல்!”

“இன்னாப்பா, பங்காளித் தகராறா?”

“பங்குத் தகராறு!”

கணக்கு வாத்தியாரான நானும் அவரைக் கேலி செய்தவன்தான். ஆனால் பெரியவன் கம்பெனிப் பங்கு விலை ஏறிக்கொண்டே போனதும் ஆசை வந்தது. மனைவியிடம் சொல்லாமல் அந்தப் பங்கை வாங்கினேன். மோட்டார் பதறிவிட்டார்.

“வித்துடுங்க சார். சின்னவன் சிப்பு வெல கம்மி, வேகம் ஜாஸ்தி. அல்லாரும் அங்க ஓடுவாங்க.”

“எனக்கே கணக்கா?” என்றேன்.

அடுத்த வாரமே எல்லாரும் ஓடினார்கள். பெரியவன் பங்கு சரிந்தது. மனைவிக்குத் தெரிந்தபோது என் வாயில் வந்த பொய்: “மோட்டார்தான் வாங்கச் சொன்னார்.”

அவள் நேராகக் கடைக்குப் போய், நாலு பேர் முன்னால் அவரைக் கிழித்தெடுத்தாள். நானும் பின்னாலேயே ஓடியிருந்தேன். மோட்டார் என்னை ஒருமுறை பார்த்தார்.

“ஆமாம்மா, என் தப்புதான்” என்றார்.

நான் ஸ்டார்ட்டர் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் தனியே போய், “ஏங்க அப்படிச் சொன்னீங்க?” என்று கேட்டேன்.

“அந்தம்மா கூட வூட்டுக்குப் போவப்போறது நீங்களா, நானா சார்?”

சிரிக்க முடியவில்லை. அன்றே மனைவியிடம் உண்மையைச் சொன்னேன். அவள் திட்டவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு மோட்டார் கடைக்குக் கிளம்பினாள். தலைகுனிந்து பின்னால் போனேன்.

“மன்னிச்சிடுங்கண்ணே” என்றாள்.

மோட்டார் கூச்சத்தில் ஸ்டூலைத் தன் சட்டையாலேயே துடைத்தார். “அத வுடும்மா, குந்து.” பிறகு வாசலைப் பார்த்து, “இன்னா சார், வெயில்ல நிக்கிறீங்க? உள்ள வாங்க” என்றார்.

குரலில் துளி மாற்றமில்லை. இன்றும் பள்ளி விட்டதும் என் கால் தானாக அந்தக் கடைக்குத்தான் போகிறது.